மத்தேராவின் குகை அறை

தென் இத்தாலியின் மத்தேரா நகரில், மிருதுவான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மனிதர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ‘சாஸ்ஸி’ என்னும் குகை வீடுகளுள் சில இன்று சிறு விடுதிகளாக ஜீர்ணோத்தாரணம் பெற்றிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் தங்குகிறவனுக்குப் பரமானந்தம் அளிப்பது, உளி விட்டுச்சென்ற தழும்புகளைப் பூச்சு பூசி மறைக்காமல், விளக்கொளி அவற்றின்மேல் சாய்ந்து விழும்படி மட்டும் ஏற்பாடு செய்த கைவினைஞர்களின் அடக்கமே. என் ருசிக்கு இதைவிட உத்தமமான அலங்காரம் வேறில்லை.

மழைநீரைச் சேமிக்கத் தரைக்கடியில் மணி வடிவில் குடைந்து, நீர் கசியாதபடி உட்புறம் சாந்து பூசிய தொட்டிகளைக் காணுந்தோறும் அந்த ஏழை ஜனங்களின் சாமர்த்தியத்துக்கு வந்தனம் செய்யத் தோன்றுகிறது.

ஆயினும் எழுத்தாளர் கார்லோ லெவி 1945இல் வெளியிட்ட நூல் இங்கிருந்த வறுமையையும் மலேரியாவையும் உலகறியச் செய்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுமார் 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். 1993இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. அந்த எளிய வாழ்வின் தடம் அழியலாகாது; ஆகையால், குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் கழுதையும் நின்ற உட்பகுதியில் இன்று குளியல் தொட்டியை அமைப்பவர்கள், பழைய தீவனத் தொட்டியையும் பெயர்க்காமல் அங்கேயே விட்டுவைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.