ஓசையும் பெயரும்

ஒரு புஸ்தகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவன், எந்தப் பதிப்பைப் படித்தான் என்று சொல்லக் கடமைப்பட்டவன். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த சாமிநாதையர் ஏட்டுக்கு ஏடு மாறிய பாடங்களை எவ்வளவு கவலையோடு பார்த்தார் என்பது நமக்குத் தெரியும். ஸங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது போலிருக்கிறது. ‘ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டேன், மெய் சிலிர்த்தது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதைக் கேட்டார்கள்? பிள்ளை 1956 டிசம்பரில் காலமாகிவிட்டார். அவரை நேரில் கேட்டவர்கள் இன்று மிகச் சிலர். மற்றவர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, அரக்குத் தட்டிலிருந்து யாரோ ஒருவர் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவைத்த ஒலிக்கோப்பு. அந்த யாரோ ஒருவர்தான் இங்கே பதிப்பாசிரியர். அவர் வேலையையும் விமரிசனம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

காரைக்காலில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. 1898-ல் பிள்ளை பிறந்த திருமருகல் இங்கிருந்து அதிக தூரமில்லை. 1940-ல் அவர் காளமேகம் என்ற படத்தில் கவி காளமேகமாக நடித்தார்; அந்தக் கவி ராஜசபையில் மல்லுக்கு நின்றதாகக் கதை சொல்லும் திருமலைராயன்பட்டினம் எங்களுக்குத் தெற்கே அடுத்த ஊர். இதையெல்லாம்விடப் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தம்முடைய மூத்த திருப்பதிகத்தில் பழைய சுரப்பெயர்களை அடுக்குகிறார். பத்துக்கு மேற்பட்ட வாத்தியங்களையும் பெயர் சொல்லி அழைக்கிறார். பெயர்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் ஓசை எப்படி இருந்தது என்று சொல்ல இன்று ஆள் இல்லை. பெயர் மிஞ்சி ஓசை போய்விட்ட ஊரில் இருப்பதால்தானோ என்னவோ, ஓசை மிஞ்சிப் பெயர் போய்விடுவதைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

தட்டிலிருந்து கோப்பு எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 78 சுழற்சித் தட்டின் பத்து அங்குலப் பக்கம் ஒன்றில் மூன்று நிமிஷ சொச்சம் அடங்கும். அதன் பள்ளம் பிற்கால எல். பி. தட்டின் பள்ளத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல். பி. ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் படிக்கும். பொருத்தமான ஊசி கிடைத்த பிறகு வேகம் பார்க்க வேண்டும். எழுபத்தெட்டு என்று பெயரே ஒழிய, அந்தக் காலத்துத் தட்டுகளெல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை என்று சொல்ல முடியாது. பிறகு மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயிகளின் பலத்தைச் சமன் செய்ய வேண்டும். 1954-ல் அமெரிக்காவில் இதற்கு ஒரு பொது அளவு வருகிறவரை கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. இவ்வளவுக்கும் பிறகுதான் கம்ப்யூட்டர் வருகிறது. அது அந்த அலையை ஒரு விநாடிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. சாதாரண ஸி. டி.யில் 44,100 தடவை, ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட். ‘உயர்தரம்’ என்று சொல்லப்படுவதில் 96,000 தடவை, 24 பிட். மூன்று நிமிஷத்துக்கு முன்னது முப்பத்திரண்டு மெகாபைட் இடம் பிடித்தால் பின்னது நூற்று நான்கு பிடிக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பழைய அரக்குத் தட்டிலோ ஏழெட்டாயிரத்துக்கு மேல் ஸங்கீதம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. அப்படியிருக்க 96,000 எதற்கு? வீண் ஆடம்பரம்தானே?

இல்லை. ஆனால் காரணம் நாம் நினைக்கிற காரணமல்ல. உயர்தரம் தேவைப்படுவது ஸங்கீதத்துக்காக அல்ல, கீறலுக்காக. கீறலின் ‘டிக்’ என்ற சப்தம் ஒரு கூர்மையான முள். அது ஸங்கீதத்தின் எல்லையைத் தாண்டி மிக உயரத்துக்குப் போகும். அதை அதன் முழு உருவத்தோடு பிடித்து வைத்தால்தான், பின்னால் வருகிறவன் இது கீறல், இது வாசிப்பு என்று பிரித்தறிய முடியும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் தன் வழிகாட்டி நூலில் குறைந்தது 48,000, 24 பிட் என்று வற்புறுத்துவதற்கும் அதற்கு மேலே போகச் சொல்வதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். அழுக்கையும் பத்திரப்படுத்து என்கிறார்கள். ஏட்டில் பூச்சி அரித்த இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டும் பதிப்பாசிரியருக்கு இது உடனே புரியும்.

பிள்ளையின் தோடி என்று பெயர் போட்ட மூன்று கோப்புகள் என்னிடம் இருக்கின்றன.

முதலாவது, சுத்தம் செய்யப்பட்டது. கரகரப்பு துளிக்கூட இல்லை. கேட்ட முதல் நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது நிமிஷம் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. நாகஸ்வரத்தின் ஜீவன் சீவாளியில் இருக்கிறது. காவிரிக் கரையில் வளரும் கொறுக்கையை வெட்டிப் பதப்படுத்திச் செய்த அந்தச் சின்னத் தட்டையான குழலுக்குள் மூச்சு நுழையும்போது ஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு காற்றோசை கூடவே வருகிறது. இரைச்சலைக் கழிக்கும் யந்திரத்துக்கு அந்தக் காற்றும் இரைச்சல்தான். கழித்துவிட்டது. கீறலை நீக்கும் யந்திரம் அதற்கு ஒரு படி மேல். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிக்கும் அடி ‘டக்’கென்று விழும். அதையும் கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும் யந்திரம் உண்டு. தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காமல் அசைகிற ஸ்வரம். அந்த அசைவுகூட இந்தக் கோப்பில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்குகிறது. வாசித்தவர் மூச்சு விடும் மனிதர் என்பதற்கு அடையாளமே இல்லை.

இரண்டாவது கோப்பு பெரிய பட்டத்தோடு வந்தது: 24 பிட், 96,000. அதன் அலைவரிசைப் படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்துப் பார்த்தேன். 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல் வெறுமை. அரக்குத் தட்டின் இரைச்சல் அப்படி ஒரு கோட்டில் வந்து நிற்காது. 22,050 என்பது 44,100-ல் சரிபாதி, ஸி. டி. எட்டக்கூடிய எல்லை அது. ஆகவே இது தட்டிலிருந்து எடுத்ததே அல்ல. ஒரு ஸி. டி.யிலிருந்து எடுத்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றியது. படி அளவு பாலை மரக்காலில் ஊற்றினால் மரக்கால் பால் ஆகிவிடுமா?

மூன்றாவது, சீர்திருத்தமே இல்லாதது. சட்டியில் கடுகு பொரிவதுபோல் சப்தம். ஆனால் அதற்குள் பிள்ளை இருக்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். திருநள்ளாற்றுப் பக்கத்திலிருந்து வந்திருந்த வயதான நாகஸ்வர வித்வான் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பாதி கேட்டதும் கையை உயர்த்தினார்.

“பிடியெல்லாம் பிள்ளைவாள் பிடிதாங்க. ஆனா குழாய் சின்னதா இருக்கே? அவர் பாரி நாயனம்தானே வாசிச்சார்? இது அரைக் கட்டை ஏறிக் கிடக்குது.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரியவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு ஏறினால், அதாவது 78-க்குப் பதில் 82 1/2 சுற்றினால், சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இது சின்ன விஷயமல்ல. உச்ச சுருதியில் பிளிறிக்கொண்டிருந்த திமிரி நாயனத்தை விட்டு, நீளமும் கம்பீரமும் கூடிய பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர்களில் தலையானவர் பிள்ளை. அவர் செய்த சாதனைகளில் அது பாதி. தட்டை வேகமாகச் சுற்றியவர் அதை ஒரு நொடியில் அழித்துவிட்டார். எந்த வேகத்தில் சுற்றினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாம் திருத்திக் கேட்டிருக்கலாம். அந்த ஒரு வரிதான் இல்லை. மூன்று கோப்புகளிலுமே தட்டின் எண், வெளிவந்த வருஷம், தவில் வாசித்தவர் பெயர், ஊசி, வேகம் ஒன்றும் கிடையாது.

இதே காரியம் வெளிநாட்டில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஸோனியும் பிலிப்ஸும் 1999-ல் கொண்டுவந்த ஸூப்பர் ஆடியோ ஸி. டி.யில், ஒரு பிட்டாக விநாடிக்கு 28,22,400 தடவை அளந்த ஒலி இருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்க முடியாதபடி பூட்டும் போட்டார்கள். அந்தத் தட்டைப் படிக்கத் தெரிந்த பழைய பிளேஸ்டேஷன் 3 விளையாட்டு யந்திரத்தைக் கொண்டே ரஸிகர்கள் பூட்டைத் திறந்தார்கள். இந்தியச் சட்டத்திலும் 2012-ல் பூட்டைப் பற்றி ஒரு பிரிவு வந்திருக்கிறது. உரிமையைத் திருடும் நோக்கத்தோடு திறந்தால் தண்டனை. ஆனால் பிள்ளையின் தட்டுகளுக்கு எந்தப் பூட்டும் இல்லை. ஒலிப்பதிவுக்கு நம் சட்டம் தரும் காவல் 60 வருஷம். அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த தட்டுகளுக்கெல்லாம் 2016-ஓடு அது முடிந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், யாரும் கொடுக்கலாம். அங்கே பெயர்ப்பலகை பளபளவென்று இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. இங்கே கதவு திறந்து கிடக்கிறது, யார் வீடு என்று தெரியவில்லை.

கரகரப்போடு கேட்க எனக்குப் பொறுமையில்லை என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. உரையோடும் சந்தி பிரித்தும் பழைய செய்யுளைப் படிக்கிறோம்; அதில் தவறில்லை. ஆனால் சந்தி பிரித்த பதிப்பு ஒன்றே போதும், மூலத்தை எறிந்துவிடலாம் என்று எந்தத் தமிழ்ப் புலவரும் சொல்லமாட்டார். ஆலாபனை ஒரு பக்கத்தில் முடியாமல் மறுபக்கத்துக்குப் போகிற தட்டுகளில், இரண்டையும் தடயமில்லாமல் ஒட்டிவிடுகிறார்கள். வித்வானுக்குத் தெரியும், மூன்று நிமிஷத்தில் தட்டு தீர்ந்துவிடும் என்று. அதற்காக ஓரிடம் பார்த்து நிறுத்தி, மறுபக்கத்தில் புதிதாக எடுக்கிறார். விடிய விடிய வாசித்துப் பழகிய கலைஞன் மூன்று நிமிஷத்துக்குள் தன்னை எப்படி மடக்கிக்கொண்டான் என்பதற்கு அந்த நிறுத்தம்தான் சாட்சி. அதை ஒட்டி மறைப்பது சௌகரியம். அது ரஸனை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்த ஊரில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஸைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் அநேகம். கிராமபோன் பெட்டியைப் பரணில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கலாம். அரக்குத் தட்டு கை தவறினால் அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே எடுக்கிறவர்கள் சீக்கிரம் எடுக்கட்டும். எடுக்கும்போது ஸ்டீரியோ ஊசியால் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு சுவர் தேய்ந்திருந்தாலும் மற்றது பிழைத்திருக்கலாம். முதலில் எடுத்ததைக் கை வைக்காமல் ஒரு பிரதியாக வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் தங்கள் கைவரிசையைக் காட்டட்டும். தட்டின் நடுவட்டத்தில் அச்சிட்டிருப்பதை எழுத்துப் பிசகாமல் கோப்போடு எழுதிவைக்கட்டும். வேகமும் ஊசியும் இரண்டு வரி. இதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம். ஒரு கால் மணி நேரமும் கொஞ்சம் மரியாதையும் போதும்.

அது நடக்கிறவரையில் ‘பிள்ளையின் தோடி’ என்று எழுதுகிற விமரிசகர்கள் எந்தக் கோப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் என்னைப் போன்ற வாசகர்களுக்கு உபகாரமாக இருக்கும். என் வரையில் நான் இப்போது கேட்பது அந்த மூன்றாவது கோப்பைத்தான், பெரியவர் சொன்னபடி அரைக் கட்டை இறக்கி. கடுகு பொரிகிறது, பொரியட்டும். நாயனம் நீளமாகக் கேட்கிறது.