சீதன வீடும் வாழும் உரிமையும்: மக்கில்வ்ரேயின் ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

கல்முனை முதல் அக்கரைப்பற்று ஈறாகவுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களில், மணமகன் பெண்வீடு சென்று வாழ்வதே மரபு. மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். இம்மரபை அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்து, 2008 இல் விரிவானதொரு நூலை வெளியிட்டவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர். தாய்வழிக் குடிமுறை அங்குள்ள தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானதென விளக்கியமை அந்நூலின் சிறப்பாகும்.

ஆயின், தாயிடமிருந்து மகளுக்கு வீடு சேரும் ஒழுங்கு குலையும்போது, அவ்வீட்டில் எவர் இருப்பார், எவர் வெளியேறுவார் என்னும் வினா எழுகின்றது. இதற்குக் குடிமரபு மாத்திரம் விடை தராது. சட்டத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

உறுதி தந்தை பெயரிலேயே இருக்க அவர் இறப்பாராயின், 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி மகனுக்கு மகளினும் இருமடங்கு சேரும். வீட்டில் வாழ்பவள் சகோதரர்க்குச் சிறு பங்காளியாகிறாள். உறுதி மகள் பெயரில் இருந்து, அவள் பிள்ளையின்றி இறப்பாளாயின், பாதி வீடு கணவனுக்கு உரியதாகும். மாமனார் கட்டிய வீட்டில் மருமகன் உரிமையாளனாக, மாமியார் தங்குமிடம் கேட்டு நிற்கும் நிலை ஏற்படலாம். மருமகன் தன் உழைப்பாற் கட்டிய அறைக்கு நியாயம் கேட்பதும் தவறன்று.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை ஏற்கின்றது. எனினும் அதன் வரைவிலக்கணம் பணத்தையும் அசையும் பொருளையுமே கருதுகின்றது. சீதனத்தில் தலையாயதாகிய வீடு அதற்குப் புறம்பாய் நிற்கின்றது. மரபு முதன்மையாகக் கருதுவதைச் சட்டம் காணாதிருப்பதே பிணக்கின் வேர் எனலாம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோள் இம்முரணை வெளிப்படுத்திற்று. சீதன வீடுகள் அழிந்தன. புதியவற்றைப் பதிவுசெய்கையிற் குடும்பத் தலைவர் எனக் கணவரே பெரிதும் கொள்ளப்பட்டனர். மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010 இல் வெளியிட்ட கட்டுரை இதனை எடுத்துரைப்பது பாராட்டிற்குரியது. முன்னைய நூலையும் இக்கட்டுரையையும் சேர்த்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும்: பெண்ணின் இல்லுரிமை மரபில் வலிதாயினும் பத்திரத்தில் மெலிதாகும்.

ஆதலின், மகள் பெயரில் நன்கொடை உறுதியும், பெற்றோர்க்குச் சீவிய உரித்தும் திருமண வேளையிலேயே எழுதப்படுதல் நன்று. மரபைப் போற்றுவோர் அதனை எழுத்திலும் காத்தல் வேண்டும்.