ஆள் பார்க்க வரும் டீச்சர்

பிளஸ் டூ பரீட்சை முடிவதற்கு முன்பே கொங்குப் பகுதி மைதானங்களில் ஆள் பார்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. முதலமைச்சர் கோப்பை, குடியரசு தினக் குழுப் போட்டிகள், மாவட்டத் தேர்வு என்று பெண்கள் கூடைப்பந்து எங்கே நடந்தாலும் கோட்டுக்கு வெளியே ஏதாவது ஒரு மகளிர் கல்லூரியின் கோச் நிற்பார். அநேகமாக முன்னாள் வீராங்கனை. உடற்கல்வி இயக்குநர் என்ற நிரந்தரப் பதவி வேறொருவரிடம் இருக்கும். இவர் அவருக்குக் கீழே, தொகுப்பூதியத்தில். ஆள் சேர்ப்பது, விடிகாலைப் பயிற்சி, வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போவது, ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் இவர் பொறுப்பு. இவர் செய்வது கொங்கு நாட்டுப் பெண் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் நாம் அதை நடத்தும் முறை பிள்ளைக்கும் நியாயமாக இல்லை, கோச்சுக்கும் நியாயமாக இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது மதிப்புள்ள தொழில். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டை உலகம் அறியும். அவருக்குத் துணைப் பயிற்சியாளராக 1985 முதல் 2003 வரை இருந்த மிக்கி டெமோஸ், ஆள் சேர்ப்பதில் அந்நாட்டிலேயே கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் டென்னசி ஆறு முறை தேசியப் பட்டம் வென்றது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவுடன் 1985 இல் சேர்ந்த கிறிஸ் டெய்லியும் தலைமைப் பதவிக்கு ஏங்காமல் துணைப் பதவியிலேயே பெரிய வாழ்வை அமைத்துக்கொண்டார். வீராங்கனையை எந்த நாளில் சந்திக்கலாம், எந்த நாளில் பேசவே கூடாது என்பதற்கெல்லாம் அங்கே கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு நாட்காட்டியே போட்டு வைத்திருக்கிறது. அதே வேலை இங்கேயும் நடக்கிறது, பதவியும் விதியும் இல்லாமல்.

பல்லடம், காங்கேயம் தாண்டி வெள்ளகோவிலுக்கு வந்து பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை புரியும். இது முருங்கைக்காய்ச் சந்தைக்குப் பேர்போன ஊர்; எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, விசைத்தறி என்று வீடுகள் ஓடுகின்றன. இப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெண்ணைக் கோவை ஹாஸ்டலுக்கு அனுப்புங்கள் என்று கேட்பது எளிதல்ல. "ஏனுங் டீச்சர், புள்ளையத் தனியா டெல்லி கில்லினு அனுப்பிருவீங்களா? அரை டவுசர் போட்டுத்தான் ஆடணுங்களா?" இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நியாயமான ஒரு பயமும் இருக்கிறது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, திருப்பூர், கோவை வட்டார நூற்பாலைகள் சுமங்கலித் திட்டத்தில் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட கதை இங்கே யாருக்கும் புதிதல்ல. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. அந்த நினைவு உள்ள ஊரில் மூன்று வருஷப் படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று சொல்லி நம்பிக்கை பெற ஒரு பெண் கோச்சால்தான் முடிகிறது. தானும் இப்படி ஒரு வீட்டிலிருந்து போய் ஆடியவள் என்பதுதான் அவர் காட்டும் சாட்சி.

நல்ல கோச் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பந்தைப் பறிகொடுத்த பிள்ளை தலையைத் தொங்கப் போடுகிறாளா, திரும்ப ஓடி வந்து தடுக்கிறாளா என்று பார்க்கிறார். இடது கையில் லே-அப் போட வராததைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆறு மாதத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தக் கண் கோட்டில் வருஷக்கணக்கில் நின்றால்தான் வாய்க்கும்.

இந்த வழியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதற்குச் சென்னையின் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையே சான்று. விளையாட்டு அவருக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை தந்தது. மகன் பிறந்த பிறகு களத்துக்குத் திரும்பி, 2017 இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்திய அணிக்கு ஆடினார். இறுதியில் கஜகஸ்தானை வென்றது அந்த அணி. 2021 இல் பத்மஸ்ரீ. கோவையில் சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பைக்கு ரயில்வே அணிகளும் கேரள மின்வாரிய அணியும் வந்து ஆடுவதை நேரில் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்குப் பந்து சம்பளமாகவும் மாறும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

குறை எங்கே? வாக்குறுதி வாய்மொழியாகவே நிற்கிறது. கட்டணச் சலுகை மூன்று வருஷத்துக்கா, ஆடும் வரைக்குமா என்பது பல இடங்களில் எழுத்தில் இருப்பதில்லை. கூடைப்பந்தில் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்ப ஆட ஒன்பது மாதமாவது வேண்டும். மூன்று வருஷப் பட்டத்தில் ஒரு வருஷமே போய்விடும். ஆட்டம் நின்றதும் சலுகையும் நின்றால், நூற்பாலை செய்ததற்கும் கல்லூரி செய்வதற்கும் அந்தத் தாய் என்ன வித்தியாசம் காண்பாள்? அமெரிக்காவிலும் இது வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. 2015 இல்தான் அங்கே கல்லூரி விளையாட்டின் பெரிய ஐந்து கூட்டமைப்புகளைச் சேர்ந்த கல்லூரிகள், ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று முடிவெடுத்தன.

இன்னொன்று, கோப்பை அவசரம். பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் தோற்றால் அடுத்த வருஷம் கோச்சே இருப்பாரா என்று தெரியாது. அதனால் வெள்ளகோவில் அரசுப் பள்ளியில் கை கால் நீண்டு, இன்னும் ஆட்டம் பிடிபடாமல் நிற்கும் பிள்ளையை எடுத்து வளர்க்க அவருக்குத் துணிவு வருவதில்லை. விளையாட்டு விடுதிகளில் ஏற்கெனவே தயாரான பிள்ளைகளுக்காகவே கல்லூரிகள் போட்டி போடுகின்றன. தயாரானவர்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தால் தமிழ்நாட்டில் ஆடும் பெண்களின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. இதைக் கோச்சின் பேராசை என்று சொல்வது தவறு. வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் வேலையில் இருப்பவர் மூன்று வருஷத் திட்டம் போட முடியாது.

அப்படியானால் நல்ல சம்பளத்தோடு பதவியை உண்டாக்கினால் போதுமா? அமெரிக்க அனுபவம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1972 இல் கல்விக் கூடங்களில் பாலின வேற்றுமையைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தபோது அங்கே பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சட்டத்தால் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வந்தது. பணத்தைத் தொடர்ந்து ஆண்களும் வந்தார்கள். பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. இங்கேயும் அது நடக்கும். ஆகவே பதவி உண்டாகும் நாளிலேயே, ஆடிய பெண்களுக்கே அதில் முன்னுரிமை என்று விதியில் எழுதியாக வேண்டும். குழந்தை பெற்று ஓராண்டு விலகியிருந்தவர் திரும்பி வரவும் அதில் இடம் வேண்டும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்தது. அதோடு கல்லூரி தர வேண்டிய தாள் இன்னொன்று இருக்கிறது: சலுகை எவ்வளவு, எத்தனை வருஷம், அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாமல் போனாலும் பி.காம். முடிக்கும் வரை ஹாஸ்டல் உண்டா என்று தமிழில் எழுதி, முதல்வர் கையெழுத்திட்ட ஒரே ஒரு தாள். பிள்ளையின் டி.சி.யைக் கல்லூரி வாங்குவதற்கு முன்பே அது பெற்றோர் கைக்கு வர வேண்டும். கோச் தன் வாயால் மட்டும் ஈடு கொடுத்துவரும் வாக்குக்கு அப்போது கல்லூரியும் பொறுப்பேற்கும்.