வெஃகுதலும் அருளும்: 176-ஆம் குறளும் கந்தக பூமியும்

திருக்குறளின் 18-ஆம் அதிகாரமாகிய வெஃகாமை, பிறர் பொருளைக் கவர நினையாமையைப் பேசுவது. அதன் ஆறாவது குறள் (176) தனித்து நோக்கத்தக்கது. அருளை நாடி நல்வழியில் நின்ற ஒருவன், பொருளை நாடித் தீயன எண்ணுவானாயின் கெடுவான் என்பது அதன் கருத்து. அருளுக்கும் பொருளுக்கும் வள்ளுவர் ஒரே வினையையே ஆள்கிறார். இரண்டையும் 'வெஃகி' என்கிறார். அருளாளன் வேறு, பேராசைக்காரன் வேறு என்று அவர் மனிதரைப் பிரிக்கவில்லை. ஒரே நெஞ்சின் வேட்கை எதன்மேல் செல்கிறதோ அதற்கேற்பவே குணம் அமைகிறது. இங்கு வரும் 'ஆறு' என்பதற்குப் பரிமேலழகர் இல்லறம் எனப் பொருள் கொண்டார். ஆகவே இஃது துறவிக்கன்று, வீடும் தொழிலும் உடைய நமக்குச் சொன்னது.

திருக்குர்ஆனின் 59:9 வசனமும் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்தே பேசுகிறது. தமக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய மதீனாவின் அன்சாரிகளைப் புகழும் அவ்வசனம், தன் உள்ளத்தின் உலோபத்திலிருந்து காக்கப்பட்டோரே வெற்றியாளர் என முடிகிறது.

இக்கருத்தைச் சிவகாசி வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி உண்டு. தீபாவளி நெருங்க, இன்னும் இரண்டு பேரை உட்கார வைக்கலாம், ஆலையை உள்குத்தகைக்கு விடலாம் என்னும் எண்ணம் எழுகிறது. தீயதைச் செய்த பிறகே கேடு என்று குறள் கூறவில்லை. 'சூழ' என்று எண்ணத்திலேயே அதைத் தொடங்குகிறது.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதிமீறலுக்காக அதன் உரிமம் முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் கூறின. இறந்தோருள் பலர் அங்கு வேலை செய்தவரல்லர். முதல் வெடியோசை கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். ஒருவரின் இலாப வேட்கைக்கு மற்றவரின் இரக்கம் விலை கொடுத்தது.

2021 ஜூனில் தாயில்பட்டியில், வீட்டில் வைத்து அனுமதியின்றிப் பட்டாசு செய்தபோது நேர்ந்த வெடிப்பிலும் உயிர்கள் போயின. இத்தகைய விபத்துகளைக் கேட்டவுடன் 'காசாசை' எனச் சொல்லிவிடுவோர் உண்டு. அதிகாரத்தின் பெயரே அதனை மறுக்கிறது. வெஃகுதல் பிறர்க்குரியதைக் கவர விரும்புதலாகும். எண்ணிக்கைக் கூலிக்குத் திரி செருகும் பெண் எவர் பொருளையும் விரும்பவில்லை. தன் பிழைப்பையே தேடுகிறாள். அவளது பாதுகாப்புக்கென ஒதுக்க வேண்டிய தொகையைத் தன் இலாபத்தில் சேர்ப்பவனே பிறர் பொருளை வெஃகுகிறான்.

அருளின் தோற்றத்தில் பேராசை வருவதும் உண்டு. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் தரும் முன்பணம் இரக்கமாகவே தோன்றும். அக்கடனைச் சொல்லிக்காட்டி, வேறிடம் போகவும் ஆபத்தான அறையை மறுக்கவும் விடாமல் தடுத்தால் அது இரக்கமாகாது. சொல்லிக்காட்டலும் நோவினையும் தருமத்தைப் பாழாக்கும் என 2:264 எச்சரிப்பதும் இதனையே.

ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வணிகர் நம்மிடையே பலர். கொடுத்த தொகையோடு, அப்பொருள் வந்த வழியையும், அவ்வழியில் எவருக்குரியது குறைந்தது என்பதையும் அவர்கள் கணக்கில் எழுத வேண்டும். 176-ஆம் குறள் நல்லவனை நோக்கியே எச்சரிக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.