மாநாடு முடிந்து எழுதும் முதல் பதிவு

பதிவர் மாநாட்டை எதை வைத்து எடைபோடுவது? வந்தவர் எண்ணிக்கையும் மேடையேறியவர் புகழும் அதற்குப் போதாது. கலந்துகொண்டவர் வீடு திரும்பி எழுதும் அடுத்த பதிவு, முந்தையதைவிடத் தேறியிருக்கிறதா என்பதே என் அளவுகோல். அதை வைத்துப் பார்க்கத் தகுந்த நீண்ட வரலாறு உள்ளது அமெரிக்காவின் பெண் பதிவர் மாநாடான பிளாக்ஹெர்.

லிசா ஸ்டோன், எலிசா கமஹோர்ட், ஜோரி டே ஜார்டின்ஸ் மூவரும் 2005 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் அதைக் கூட்டினார்கள். பெண் பதிவர்கள் எங்கே என்று அப்போது ஓயாமல் எழுந்த கேள்விக்கு, இதோ இருக்கிறோம் என்று நேரில் வந்து நின்ற கூட்டம் அது. இருக்கிற விதிகளின்படி ஆடுவதா, ஆட்டத்தையே மாற்றுவதா என்பதுதான் தொடக்க விவாதத்தின் பொருள். யாருக்கு எத்தனை இணைப்பு என்று எண்ணி, பதிவுகளுக்கான தேடுபொறியான டெக்னோரட்டி தரவரிசை போட்டுக்கொண்டிருந்த காலம். பதிவுத் திரட்டியான தமிழ்மணத்தின் 'சூடான இடுகைகள்' பட்டியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, விதிகளைப் பற்றிய அந்தக் கேள்வியின் கூர்மை விளங்கும்: எண்ணிக்கை கவனத்தைத்தான் அளக்கும், தரத்தை அளக்காது. அந்தக் கேள்வியை எழுப்பியது பிளாக்ஹெரின் சாதனை. ஆனால் அந்தத் தரவரிசைக்கு மாற்றாக ஓர் இலக்கிய அளவுகோலை அது முன்வைக்கவில்லை.

அதே மாநாட்டில், தாய்மையைப் பற்றிப் பதிவெழுதுவதும் ஒரு புரட்சிச் செயல்தான் என்றார் பதிவர் ஆலிஸ் பிராட்லி. அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் எழுத்தில் இடமுண்டு என்று நிறுவிய வகையில் அந்தக் கூற்று செல்லும். பொருளுக்குக் கிடைத்த அங்கீகாரத்தை எழுத்துக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. பிளாக்ஹெரில் பங்கேற்பாளர்களே அமர்வுகளை முன்மொழியும் முறைக்கும் இதே இரு பக்கம் உண்டு. மேடை யாருக்கும் ஏகபோகம் ஆகாமல் அது காத்தது. ஆனால், எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டால் பங்கேற்பாளர்கள் பொருளைத்தான் சொல்வார்கள். ஒரு பத்தி எப்படி நிற்கிறது என்று பேசலாமே எனச் சொல்பவர் அரிது.

2008இல் சான் ஃபிரான்சிஸ்கோவில்தான் இந்த மாநாடு தன் உச்சத்தைத் தொட்டது. பதிவர்கள் மேடையேறித் தங்கள் பதிவுகளையே வாசித்தார்கள். எளிய உத்தி, என் மதிப்பீட்டில் மற்ற அமர்வுகள் அனைத்தையும்விடப் பயனுள்ளது.

இதைத் துணிந்து சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்த ஒரு பதிவர் சந்திப்பில் முன்பகல் முழுவதும் சுய அறிமுகத்துக்கும் பொன்னாடைக்கும் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் தன் பாட்டியின் ஆட்டுக்கல்லைப் பற்றிய பதிவைப் படித்தார். கல்லின் குழியில் ஊறிக்கிடந்த உளுந்து வாசம் வரை சீராக வந்தவர், இரண்டாம் பத்தியில் "காலம்தான் எவ்வளவு வேகமாக ஓடுகிறது" என்ற இடத்தில் சட்டென்று நின்றார். அந்த வரியையும் அடுத்த வரியையும் விட்டுவிட்டு மேலே படித்தார். யாரும் சொல்லவில்லை, அவர் காதே சொன்னது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்த ஒரே திறனாய்வு அதுதான்.

இனி வணிகம். பதிவருக்குப் பணம் வருவது குற்றமில்லை. பிளாக்ஹெரின் விளம்பர வலையமைப்பு, எழுத்துக்கு ஊதியமே காணாத பல பெண்களுக்கு வருமானம் தந்தது. அது மதிக்கத்தக்க பணி. ஆனால் 2009 சிகாகோ மாநாட்டில் நிறுவனங்கள் கொடுத்த இலவசப் பொருள்களுக்கான முண்டியடிப்பே பெரிய சர்ச்சையாகிவிட்டது. இலவசமாகப் பொருள் பெற்று எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற அமெரிக்க வணிக ஆணையத்தின் நெறிமுறை அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாசகரிடம் எதை மறைக்கக் கூடாது என்பது எழுதுபவர் கற்றே தீர வேண்டிய பாடம். அதைச் சட்டம் சொல்லித் தரும்படி ஆனது மாநாட்டின் குறை. வாசிப்பு மேடைக்கும் விற்பனைக் கூடத்துக்கும் இடையில் மாநாடு தன் ஒருமையை இழந்தது. 2014இல் பிளாக்ஹெர் ஷீநோஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018இல் ஷீநோஸையும் பென்ஸ்கி மீடியா வாங்கியது.

என் தீர்ப்பு இது. உரிமைக்குரலாக பிளாக்ஹெர் முதல் தரம். சந்தையாகத் திறமையானது. எழுத்துப் பட்டறையாகப் பாதிவழியில் நின்றுவிட்டது. அந்தப் பாதியும் வாசிப்பு மேடையால் கிடைத்ததே.

அடுத்த பதிவர் சந்திப்புக்குத் திட்டமிடும் நண்பர்களே, வருபவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அறிமுகங்களை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, முன்பகல் முழுவதையும் வாசிப்புக்கு விடுங்கள்.