சூளவம்சம் கூறாத உடன்படிக்கை: பராக்கிரமபாகு காதை பற்றிய ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் பெருந்தெருவில் வரக்காப்பொலையைக் கடந்தால் நெலுந்தெனியச் சந்தி வரும். அங்கிருந்து பிரியும் சிறு வீதி தெதிகமைக்குச் செல்கிறது. அவ்வூரிலே உச்சி தட்டையாகி நிற்கும் கொட்டவெகெர என்னும் தூபியே, தான் பிறந்த மனையிருந்த இடத்தில் முதலாம் பராக்கிரமபாகு எழுப்பிய சூதிகர சேதியம் என்பர் தொல்லியலாளர். சூளவம்சம் கூறும் புங்ககாமமும் இதுவே என்பது அவர்தம் முடிபு. சுற்றுப்புறத் தோட்டப் பாடசாலைகளிற் பயிலும் தமிழ் மாணவரும் பராக்கிரமபாகுவைக் குளங்கட்டிய பெருமன்னனாக அறிவர். ஆனால் அம்மன்னன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த ஓர் அரசுரிமைப் போட்டியின் விளைவு என்பதும், அப்போட்டிக் காலத்திற் சட்டம் யார் கையிலிருந்தது என்பதும் பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. அதற்குச் சூளவம்சமே முதற்காரணம் எனலாம்.

போட்டியின் தோற்றம் நுணுகி நோக்கற்பாலது. சோழரை 1070 இல் வெளியேற்றிய விஜயபாகு 1110 இல் மறைந்தான். அவனுக்குத் தம்பி ஜயபாகு இருந்தான். மகன் விக்கிரமபாகு இருந்தான். தங்கை மித்தை பாண்டிய இளவரசன் ஒருவனுக்குப் பெற்ற மைந்தர் மூவர் இருந்தனர். தம்பிக்குப் பின்னரே மகன் என்ற மரபு விக்கிரமபாகுவைச் சில காலம் காத்திருக்கச் செய்திருக்கும். ஆயின் மித்தையும் அவைப் பெரியோரும் விக்கிரமபாகுவைக் கலவாமலே ஜயபாகுவுக்கு முடிசூட்டி, மித்தையின் மூத்த மகனாகிய மானாபரணனை உபராசனாக்கினர். அதாவது, அடுத்த உரிமை மகனிடமிருந்து மருமகனுக்குக் கைமாறியது. விக்கிரமபாகு வாளெடுத்தான், பொலன்னறுவையைக் கைப்பற்றினான்.

இதே தலைமுறையில் இங்கிலாந்திலும் இதே வழக்கு எழுந்தமை வியப்புக்குரியது. முதலாம் ஹென்றி தன் மகள் மத்தில்டாவை அரசியாக ஏற்கும்படி 1127 இற் பிரபுக்களிடம் ஆணை பெற்றான். ஆணையிட்டோருள் ஒருவன் அவனுடைய சகோதரியின் மகன் ஸ்ரீபன். 1135 இல் ஹென்றி இறந்ததும் முடிசூடிக்கொண்டவனும் அந்த ஸ்ரீபனே. அங்கும் மாமன் சொத்தில் மருமகன் கைவைத்தான் என்று தமிழ் முறைப்படி சொல்லிவிடலாம். இரு நாடுகளுக்கும் இடையே தொடர்பேதும் இருந்ததில்லை. எனினும் உரிமை வழி ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும் சமூகம் எதிலும், மன்னன் மறைந்த மறுநாளே இவ்வழக்கு எழக் காத்திருக்கிறது.

சூளவம்சத்தின் ஆசிரியருக்கு இந்நிலை வழக்காகத் தோன்றவில்லை. காப்பியத்தின் தோற்றுவாயாகவே தோன்றியது. நாயகன் பிறக்குமுன் தந்தை கனவு காண்கிறான்; பிறந்ததும் அந்தணர் இலக்கணம் உரைக்கின்றனர். நூலைப் பதிப்பித்து மொழிபெயர்த்த வில்ஹெல்ம் கைகர், இப்பகுதியில் நீதிநூல்களின் சாயலும் காவிய மரபின் சாயலும் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியுள்ளார். கருவிலேயே சக்கரவர்த்தியாகிவிட்டவனுக்கு வேறு உரிமை ஆவணம் எதற்கு? நாயகன் செய்யும் வேவும் சூழ்ச்சியும் அரசியல் நுட்பமாகின்றன. ஏனையோர் செய்தாலோ அவை துரோகமாகின்றன.

வரலாற்று நூல் என்ற வகையில் இக்காதையின் பெருங்குறை 1153 ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் வெளிப்படுகிறது. விக்கிரமபாகுவின் மகன் இரண்டாம் கஜபாகு பொலன்னறுவையில் ஆண்டான். மானாபரணனின் மகன் பராக்கிரமபாகு தக்கிணதேசத்தை ஆண்டான். போரில் கஜபாகு சிறைப்பட்டான். பின்னர் பிக்குகள் இடைநின்று சமாதானம் செய்தனர். சூளவம்சத்தின்படி, மகனும் தம்பியுமற்ற முதியவன் கஜபாகு என்பதைப் பிக்குகள் எடுத்துரைக்க, பராக்கிரமபாகு வென்ற நாட்டைப் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுக்கிறான். கஜபாகுவும் இராசரட்டையைப் பராக்கிரமபாகுவுக்கு அளித்ததாக மண்டலகிரி விகாரையிற் கல்லில் வெட்டுவிக்கிறான். ஒருவன் கொடையும் மற்றவன் எதிர்க்கொடையும் என்ற அளவில் கதை முடிகிறது.

குருநாகல் மாவட்டத்துச் சங்கமு விகாரைக் கல்வெட்டு சொல்வதோ வேறு. அங்கே கொடையாளியும் இல்லை; பெறுபவனும் இல்லை. இரு மன்னரும் வாழ்நாளெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுப்பதில்லை என உறுதி செய்கின்றனர். இருவருள் முன்னர் இறப்பவரின் உடைமையெல்லாம் மற்றவரைச் சேரும். ஒருவருக்குப் பகையான அரசன் இருவருக்கும் பகையாவான். இவ்வாசகத்தின் சமநிலை கருத்தூன்றத்தக்கது. பராக்கிரமபாகு முன்னர் இறந்திருப்பின் தக்கிணதேசமும் கஜபாகுவுக்கே போயிருக்கும். விதி வகுத்த சக்கரவர்த்தி என்ற கருத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. அதனாற்போலும் சூளவம்ச ஆசிரியர் உடன்படிக்கையைத் தவிர்த்துக் கொடையை மட்டும் வைத்துக்கொண்டார். அது மறதியாக இருக்கலாமெனச் சிலர் வாதிக்கக்கூடும். ஆனால் மண்டலகிரிக் கல்லை நினைவிற்கொண்டவர் இதை மட்டும் மறந்தார் என்பது பொருந்துமாறில்லை.

அதே 1153 இல், நவம்பர் மாதத்தில், இங்கிலாந்திலும் ஓர் உடன்படிக்கை எழுந்தது. ஸ்ரீபன் சாகும்வரை அரசனாயிருப்பான்; மத்தில்டாவின் மகன் ஹென்றி அவனுக்குப் பின் முடிசூடுவான் என்பது அதன் சாரம். ஆனால் ஸ்ரீபனுக்கு வில்லியம் என்ற மகன் இருந்தான். நிலங்கள் அளித்து அவன் உரிமை தீர்க்கப்பட்டது. பொலன்னறுவை உடன்படிக்கையோ மூன்றாமவனை விட்டுவிட்டது. உரோகணத்தில் இருந்த இளைய மானாபரணன் மித்தையின் பேரனே. அவன் உரிமை பராக்கிரமபாகுவின் உரிமைக்குப் பெரிதும் குறைந்ததன்று. கஜபாகு இறந்ததும் அவன் அமைச்சர் மானாபரணனை அழைத்தனர். போர் மீண்டும் மூண்டது. சூளவம்சம் அவ்வமைச்சரைத் தீயோராகக் காட்டுகிறது. தாம் கையொப்பமிடாத உடன்படிக்கைக்குத் தாம் கட்டுப்பட்டவர்களா என்ற வினா அவர்களுக்கு எழுந்திருக்கலாம் என்ற எண்ணமே நூலில் இல்லை.

இனி, அரியணை ஐயத்துக்குள்ளாகியிருந்த காலத்தில் அன்றாடச் சட்டம் எவ்வாறு நடந்தது? விக்கிரமபாகு முடிசூட்டு விழா இன்றியே ஆண்டான். அவன் ஆட்சியிலும் கல்வெட்டுகள் ஜயபாகுவின் ஆட்சியாண்டாலேயே காலங் குறித்தன. அதிகாரம் ஒருவனிடமும் ஆண்டுக்கணக்கு மற்றொருவனிடமும் இருந்தன. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி இதன் மறுதலையைச் செய்தான்: தன் பாட்டன் காலத்து நிலையே சட்டத்துக்கு அளவுகோல் என்று கொண்டு, ஸ்ரீபன் ஆண்ட பத்தொன்பது ஆண்டுகளைச் சட்டத்தின் நினைவிலிருந்தே ஒதுக்கினான்.

இத்தகைய காலத்துக்குரிய ஆவணங்களுட் சிறந்த ஒன்று தமிழிலேயே உள்ளது. பொலன்னறுவை வேளைக்காரர் கல்வெட்டு விஜயபாகுவின் வாழ்வையும் ஆட்சியையும் போற்றி, அவன் எழுபத்துமூன்று ஆண்டு வாழ்ந்து ஐம்பத்தைந்து ஆண்டு ஆண்டமை கூறுகிறது. பின்னர் ஆளும் மன்னன் எவன் பெயரையும் சொல்லாமலே தந்தப் பள்ளியைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படை ஏற்கிறது. முகலன் மாதேரரும் அமைச்சரும் கேட்க, வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலான பிரிவினர் ஒருமித்து, வலஞ்சியரையும் நகரத்தாரையும் மூத்தோராக வைத்து, அப்பள்ளிக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி எனப் பெயரிட்டுக் காவலுக்கு உறுதி கூறுகின்றனர். மன்னன் இருந்து செய்யவேண்டிய அறக்கட்டளையைப் படையும் வணிகக் குழுவும் சங்கமும் தமக்குள் ஒப்பந்தமாகச் செய்கின்றன. ஸ்ரீபன் காலத்தில் செஸ்ரர், லெஸ்ரர் பிரபுக்கள், தம் அரசர் ஒருவர்மேல் ஒருவரை ஏவினால் இருபது வீரருக்கு மேற் கொண்டுசெல்வதில்லை எனத் தமக்குள் எழுதிக்கொண்டமை இதற்கு இணையான செயல். அரசனை மறுக்காமலே அரசனைச் சுற்றிக்கொண்டு போகும் சட்டம் இது.

சூளவம்சத்தில் வேளைக்காரர் தோன்றும் விதம் அறிந்ததே. சோழருக்கெதிராகச் செல்ல மறுத்தனர், தளபதிகளைக் கொன்றனர், அரண்மனையை எரித்தனர், மித்தையையும் மைந்தரையும் சிறைப்பிடித்தனர் என்று அது விரித்துரைக்கும். விக்கிரமபாகு விகாரை நிலங்களைப் பறித்துப் படைவீரருக்கு அளித்ததையும், பிக்குகள் தந்தத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உரோகணம் சென்றதையும் சொல்லும். இவற்றைப் பொய்யென ஒதுக்க இடமில்லை. ஆனால் அதே படை, அதே தந்தத்துக்காகக் கல்லில் எழுதிக்கொடுத்த பிணை நூலில் இல்லை. இதைக் கண்டதும் வேளைக்காரரைப் பௌத்தம் காத்த தமிழ்ச் செம்மல்களாக்கிவிடும் ஆர்வம் தமிழ் எழுத்தாளர் சிலரிடம் உண்டு. அதுவும் சூளவம்ச ஆசிரியர் செய்ததன் மறுபக்கமே. கூலிப்படைக்கு ஊதியம் தரும் மன்னன் யாரெனத் தெரியாத வேளையில், எல்லாரும் மதிக்கும் ஒரு பொருளைக் காப்பவராக நிற்பது அவர்களுக்கும் பாதுகாப்பே. தன்னலமும் கடமையும் கலந்த இடத்திலேதான் ஒப்பந்தம் பிறக்கிறது. பொருத்தமான கேள்வி அவர்கள் நல்லவரா தீயவரா என்பதன்று. அவர்கள் சொல் சட்டமாக ஏற்கப்பட்ட சூழல் யாது என்பதே.

வெற்றிக்குப் பின் இரு நாட்டு மன்னரும் சமய நிறுவனத்தின்மேற் கை வைத்தனர். 1164 இல் கிளாரண்டனில் ஹென்றி திருச்சபையினரின் வழக்குரிமையை வரையறுக்க முயன்றான். பேராயர் தோமஸ் பெக்கெற் எதிர்த்தார். 1170 இற் கொல்லப்பட்டார். 1165 அளவிற் பராக்கிரமபாகு திம்புலாகல மகாகாசியபரின் தலைமையிற் சங்கத்தை ஒன்றாக்கி, ஒழுக்கங்குன்றிய பிக்குகளை நீக்கி, கதிகாவத என்னும் நெறிமுறையைப் பொலன்னறுவைக் கல்விகாரைப் பாறையில் வெட்டுவித்தான். இங்கே பெக்கெற் எவரும் தோன்றியதாகச் செய்தியில்லை. 1153 இல் இரு மன்னரிடையே நின்று சமன் செய்த பிக்கு சங்கம், பன்னிரண்டு ஆண்டுக்குள் ஒரு மன்னனின் ஆணையால் ஒழுங்குபடுத்தப்படும் நிறுவனமாயிற்று. அந்தச் சுத்திகரிப்பைச் சூளவம்சம் நாயகனின் அருஞ்செயல்களுள் ஒன்றாக வைத்து விரிவாகப் பாடுகிறது. சங்கமு விகாரைக் கல்லிலோ இரண்டு பெயர்கள் சரிநிகராக நிற்கின்றன.