கடனாளி, குற்றவாளி, மலையாளி

ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் சமவெளிக்கு இறங்கிவந்து 'நாங்க மலையாளிங்க' என்று சொன்னால், 'அப்ப கேரளாவா?' என்ற கேள்வி தயாராக இருக்கிறது. 'இல்லீங்க, ஜமுனாமரத்தூர்' என்றதும் ஒரு சிரிப்பு. வீட்டில் தமிழே பேசுகிற ஒரு மக்கள், தம் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அயலாராகிவிடும் வேடிக்கை இது. தீங்கில்லாத சிரிப்புதான். ஆனால் தன் பெயருக்குத் தானே உரை சொல்ல வேண்டிய நிலை எப்போதும் ஒரு தரப்புக்கே வாய்ப்பது ஏன்?

'ஆளி' என்பது விசித்திரமான விகுதி. முதலாளி முதலை ஆள்கிறார். தொழிலாளி தொழிலை ஆள்வதில்லை. கடனாளியையோ கடன்தான் ஆள்கிறது. மலையாளி இதில் எந்த வரிசை? மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வதுண்டு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் 'காப்புக்காடு' ஆக்கியபின் அவர் கடனாளியின் பக்கம் தள்ளப்பட்டார். நேற்றுவரை மரம் வெட்டுதல். மறுநாள் அது குற்றம். கை செய்த வேலை மாறவில்லை, வேலையின் பெயர் மாறியது.

அரசின் சொல்லாடலில் அடைப்புக்குறிக்கும் அதிகாரம் உண்டு. பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்கள். 1989இல் வடார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் கிடக்கிறது. ஆக, இல்லாமல் போன ஒரு மாவட்டத்தின் பெயரால் இவர்கள் பழங்குடி. அடைப்புக்குள் வராத ஈரோட்டு மலைகளில் அதே மலையாளிகள் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அங்கே மலை இருக்கிறது, ஆளும் இருக்கிறார், காகிதத்தில்தான் மலையாளி இல்லை!

2015 ஏப்ரல் 7. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், அவர்களில் கணிசமானோர் ஜவ்வாது, சித்தேரி மலைகளின் மலையாளிகள். மரம் வெட்டும் கூலிகளைப் போலீஸ் 'கடத்தல்காரர்கள்' என்றது. கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது. சிலர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டதாகத் தப்பிவந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். இரண்டு கதையாடல்களுக்கும் நடுவே 'என்கவுண்டர்' என்ற சொல். எதிர்ப்படல் என்பதே அதன் நேர்ப்பொருள். யார் சுட்டார், யார் செத்தார் என்பதை அது சொல்லாது. எழுவாயை விழுங்கிவிடும் சொல் அது. மலையாளிகள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்கிறவர்கள். பிரித்து வாசித்தால், 'என் கவுண்டர்'. மொழி தற்செயலாகச் செய்த இந்தக் குரூரச் சிலேடையில், புருஷனைப் பறிகொடுத்தவளின் உரிமைக்குரல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அறிக்கை எழுதியவர்களுக்கு அது கேட்டிருக்காது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே 'கடத்தல்காரர்' ஆனவர்கள் இங்கே சுவரொட்டிகளில் '20 தமிழர்கள்' ஆனார்கள். கண்டனம் நியாயம்தான். ஆனால் உயிரோடிருந்தபோது 'கேரளாவா?' என்று கேட்கப்பட்டவரைப் பிணமானபின் தமிழராகச் சேர்த்துக்கொண்ட அந்த இரண்டு சொற்களுக்குள்ளும் பழங்குடி காணாமல் போனார். வேலையற்ற மலையும், முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகும் தரகரும், கிடைக்காத வனவுரிமையும் காணாமல் போயின. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே 'வரலாற்று அநீதி' என்று ஒப்புக்கொள்கிறது. சட்டத்துக்குக் கிடைத்த சொல்கூட நம் சுவரொட்டிக்குக் கிடைக்கவில்லையே. எழுதுகிறவர்கள் நாம்; இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.